கற்பித்தலே படைப்பாக: அலெக்ஸ் அபிஷேகநாதனும் நம் கலை வரலாற்றின் எல்லையும்

முன்னுரை

சிங்கப்பூர் இந்தியர்தம் கலை வரலாற்றை எழுதப் புகுவோர், 1949இல் தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தையும் 1952இல் கே.பி. பாஸ்கர் தொடங்கிய நடனப் பள்ளியையும் முதன்மைப்படுத்துவர். இது பொருத்தமே. ஆயினும் கருநாடக இசை, பரதம் என்னும் இரண்டனுள் அவ்வரலாறு அடங்கிவிடுமாயின், சிராங்கூன் சாலைக்கு அப்பால் நகரின் பிற அரங்குகளிலும் வகுப்பறைகளிலும் இயங்கியோர் விடுபடுவர். மேலைச் செவ்விசையில் படைப்பாளராகவும் ஆசிரியராகவும் விளங்கிய அலெக்ஸ் அபிஷேகநாதன் (1926-2023) அவ்வாறு விடுபடக்கூடியவருள் ஒருவர். அவரை எவ்வளவைக்கோல் கொண்டு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் வினா.

வாழ்வும் பணியும்

இவருடைய தமையனார் பால் அபிஷேகநாதன் (1914-2011) 1950இல் சிங்கப்பூர் சேம்பர் என்செம்பிள் என்னும் இசைக்குழுவை நிறுவியவர்; 1986இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். தம்பியார் இலண்டன் ராயல் இசைக் கல்லூரியில் பயின்றவர்; கித்தாரைத் தம் கருவியாகக் கொண்டார். தொலைக்காட்சி வாயிலாகவும் அதனைக் கற்பித்தார். 1981இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் கித்தார்க் குழுவைத் தோற்றுவித்தார். 1988இல் அவருக்கும் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது. 'சிங்கப்பூர்க் கித்தாரின் தந்தை' என அவர் போற்றப்படுகிறார்.

குழுவும் படைப்பும்

இப்பல்கலைக்கழகக் குழு ஜப்பானியரான நீபோரி வகுத்த முறையைப் பின்பற்றியது. அம்முறையில் கித்தார்கள் பல அளவுகளில் அமைந்து, உயர்ந்த சுரங்கள் முதல் மிகத் தாழ்ந்த சுரங்கள் வரை பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே ஒரே கருவியினம் ஒரு முழு இசைக்குழுவின் வீச்சைப் பெறுகிறது. தேர்ந்தவர் கடினமான பகுதியை இசைக்க, புதியவர் எளிய பகுதியை ஏற்று அதே மேடையில் அமர இயலும். இத்தகைய குழுவுக்கென எழுதுபவர், மாணவர்தம் விரல்களின் ஆற்றலை அறிந்தே எழுத வேண்டும்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் (1895-1982) இங்கு ஒப்புநோக்கத்தக்கவர். 1924இல் மியூனிக் நகரில் தொடங்கப்பட்ட குந்தர் பள்ளியில் கற்பித்த பட்டறிவிலிருந்தே, எளிய தாளக் கருவிகளைக் கொண்ட அவருடைய இசைக்கல்வி முறை உருவாயிற்று. இருவரிடத்தும் படைப்பும் பயிற்சியும் பிரிக்கவியலாதன. அரங்கச் செவ்விசையின் அளவைக்கோலை மட்டும் கொண்டு நோக்கின் இத்தகு ஆக்கங்கள் எளியனவாகத் தோன்றலாம். எவர் இசைப்பதற்காக எழுந்தன என்று வினவும்போதே அவற்றின் தகுதி புலனாகும்.

இம்முறைக்கு வரம்பும் உண்டு. கித்தாரின் நாதம் மீட்டிய உடனே தேயத் தொடங்குவது. நீண்ட இசைத்தொடரைக் குரல்போல் அது தாங்காது. எழுதப்பட்ட சுரக்குறிப்பைச் சார்ந்திருப்பதால், மனோதர்மத்திற்கு இடம் குறைவு.

தமிழாய்வுக்கு என்ன பயன்?

இவ்விசையில் தமிழ் இல்லையே என்னும் மறுப்பு எழலாம். தமிழ்ப் பெயர் தாங்கியவர் என்பதற்காக மட்டும் அவரைச் சேர்ப்பது இனப்பெருமையாகுமேயன்றி ஆய்வாகாது. நாம் வலியுறுத்துவது வேறு. பரம்பரை இசைக் குடும்பங்கள் வேரூன்றியிராத ஒரு துறைமுக நகரில், பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கலையை நிலைநிறுத்துவது எங்ஙனம்? நுண்கலைக் கழகமும் பாஸ்கரும் எதிர்கொண்ட அதே சிக்கலை இவரும் எதிர்கொண்டார். அங்கே அரங்கேற்றம் தனியொருவரின் தேர்ச்சியை முன்னிறுத்துகிறது. இங்கே குழு, தேர்ச்சி பெறாதவரையும் உடன் அழைத்துச் செல்கிறது. ஒரு சிக்கலுக்கு எழுந்த இருவேறு விடைகளை அருகருகே வைத்து ஆராயும்போதுதான் நம் கலை நிறுவனங்களின் இயல்பும் தெளிவாகும்.

முடிவுரை

கலை வரலாறு, மேடையேறிய கலைஞர்தம் பட்டியலாக மட்டும் அமைதல் போதாது. கற்பித்த முறைகளின் வரலாறாகவும் அமைதல் வேண்டும். அவ்வாறு விரியுமாயின் அபிஷேகநாதன் சகோதரர்க்கு அதில் இயல்பாகவே இடமுண்டு. தமிழாசிரியர் தம் வகுப்பில் உள்ளூர்க் கலைஞரைப் பற்றிப் பேசும்போது இதனைக் கருத்திற் கொள்வது நலம்.