பெயரை மட்டும் எடுத்த சட்டம்

அமெரிக்காவில் அடிமைமுறையை வைத்து உள்நாட்டுப் போரே மூண்டது, நம்மிடம் அப்படியொன்றும் நடக்கவில்லையே என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேள்விக்குள்ளேயே பதிலையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள்: இங்கே இருந்தது அடிமைமுறை அல்ல, பண்ணை உறவுதான். இந்தப் பதிலுக்கு மூலப்பிரதி ஒன்று உண்டு. கம்பெனி ஆட்சியின் 1843ஆம் வருஷத்து 5ஆவது சட்டம்.

நாலே நாலு பிரிவு. வரிபாக்கிக்காகவோ கோர்ட் டிக்ரியை நிறைவேற்றவோ எந்த அதிகாரியும் ஆளை விற்கக்கூடாது. இவன் என் சொத்து என்று வருகிற உரிமையை எந்தக் கோர்ட்டும் ஏற்காது. ஒருவன் சம்பாதித்ததை, அடிமை என்று சொல்லிப் பறிக்க முடியாது. சுதந்திரமானவனுக்குச் செய்தால் எது குற்றமோ அது அடிமைக்குச் செய்தாலும் குற்றம். அடிமை வைத்துக்கொள்ளக் கூடாது என்று மட்டும் எங்கேயும் இல்லை. ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றமானது தண்டனைச் சட்டம் 1862இல் அமலுக்கு வந்த பிறகுதான். மேற்கிந்தியத் தீவு எஜமானர்களுக்கு பிரிட்டன் 2 கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தது. இங்கே மிராசுதாருக்குத் தம்பிடி கொடுக்கவில்லை. எதுக்குக் கொடுக்கணும்? அவரிடமிருந்து எதுவும் போகவில்லையே.

அமெரிக்காவில் அடிமை சட்டத்தின் பேரேட்டிலேயே சொத்தாக நின்றான். புதுப் பிரதேசம் சேரும்போதெல்லாம் அங்கே அவன் உண்டா இல்லையா என்று யாராவது வாய் திறந்து சொல்லியாக வேண்டும். 1854இல் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம், 1857இல் டிரெட் ஸ்காட் தீர்ப்பு, 1861இல் பீரங்கி. தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இலேயே தன் கதையைத் தானே எழுதிவிட்டார். இங்கே 1819இல் ரெவின்யூ போர்டு விசாரித்தபோது பேசியவர்கள் கலெக்டர்கள். கம்பெனிக்குக் கிஸ்தி வருவது மிராசுதார் வழியாக. மிராசுதாருக்கு விளைவது அடிமையின் உழைப்பால். மோதல் ஃபைலுக்குள்ளேயே அடங்கிப்போச்சு.

மொழியும் இதற்கு உடந்தை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் சிவன் ஓலையை நீட்டி, சுந்தரர் பரம்பரை அடிமை என்று வழக்காடி ஜெயித்த கதை நமக்கெல்லாம் தெரியும். பாட்டன் எழுதிக் கொடுத்தால் பேரனும் அடிமை. சபையும் அதை ஒப்புக்கொள்கிறது. புராணத்துக்குள் இருக்கிறது அசல் ஆளோலை ஒன்றின் சட்ட வடிவம். நாமோ பக்தியை மட்டும் வாசித்துவிட்டு 'அடியேன்' என்று உருகுகிறோம். சுந்தரர் சங்கிலியாரை மணந்த திருவொற்றியூர்க் கோயிலிலேயே நெல் குற்றுவதற்குப் பெண்களைக் கொடுத்த சோழர் காலக் கல்வெட்டும் இருக்கிறது. பிறகு தேசியம் வந்து எல்லோருமே வெள்ளையனுக்கு அடிமை என்றது. எல்லோரும் அடிமையானதும் நிஜ அடிமைக்குச் சொல் இல்லாமல் போயிற்று. மராத்தியில் ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி'யை எழுதி, அடிமை ஒழிப்புக்காக அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். அந்த ரெண்டும் ஒண்ணுதான் என்று அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் ஊர்ப்பெயராகி, இன்றைக்கு மெட்ரோ ஸ்டேஷன் பெயராகவும் ஆகிவிட்டது விம்கோ நகர். கம்பெனி வருவதற்கு முன் இந்தத் திருவொற்றியூர்ப் பக்கமெல்லாம் செங்கல்பட்டு ஜில்லா. அந்த ஜில்லாவின் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் பறையர்கள் பற்றி எழுதிய குறிப்பு, சட்டம் வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிந்தையது. அடிமை அதில் படியாளாகியிருக்கிறான். குடியிருக்கும் மனை மிராசுதாருடையது. முரண்டு பிடித்தால் வெளியேற்றலாம். வாங்கிய முன்பணம் தீராது. கோர்ட் ஏற்காத உரிமையைக் கடனும் மனையும் சேர்ந்து காப்பாற்றிக் கொடுத்தன. ஆளோலை போய்க் கடன்பத்திரம் வந்தது, அவ்வளவுதான்.

அந்தக் குறிப்பின் விளைவாக 1892இல் வந்த அரசாணையில்தான் பஞ்சமி நிலம் பிறந்தது. அதுவும் கைமாறிப் போனது. போர் நடக்கவில்லை என்பவர்கள் அதே செங்கல்பட்டுக்கு வரட்டும். காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பியவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்துப்போனார்கள்.