‘லா விடா லோகா’ ஆவணப்படத்தில் கும்பலும் குடியிருப்பும்

எல் சால்வடோரின் வன்முறைக் கும்பல்களைப் பற்றிய ஆவணப்படங்களுள் கிறிஸ்தியான் பொவேதாவின் ‘லா விடா லோகா’ (2008) பரவலாக விவாதிக்கப்பட்ட ஒன்று. தலைநகரை அடுத்த சோயாபாங்கோ நகரின் லா கம்பனேரா குடியிருப்பில், ‘18ஆம் தெரு’ கும்பலைச் சேர்ந்த இளைஞர்களுடன் ஓராண்டுக்கும் மேலாகப் பழகி அவர் இதைப் படமாக்கினார். பொவேதா 1980களின் உள்நாட்டுப் போரைப் பதிவுசெய்த புகைப்படச் செய்தியாளர். அப்போருக்குத் தப்பி லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் சென்ற அகதிகளின் பிள்ளைகள் அங்குக் கும்பல்களில் இணைந்ததும், பின்னர் நாடுகடத்தப்பட்டபோது அவ்வமைப்புகளைத் தாய்நாட்டிற்குக் கொண்டுவந்ததும் அறியப்பட்ட வரலாறு. படம் இதனை விரித்துரைப்பதில்லை. விளக்கவுரைக் குரலும் இல்லை.

படத்தின் வலுவான பகுதி ரொட்டிக்கூடம் பற்றியது. கும்பலின் உறுப்பினர்கள் சிலர் மாவு பிசைந்து பிழைக்க முயல்கின்றனர். கைதுகள் அம்முயற்சியைக் குலைக்கின்றன. இடையிடையே துப்பாக்கிச் சத்தமும், அதைத் தொடர்ந்து சவப்பெட்டியும் அழுகையும் வருகின்றன. சற்றுமுன் சிரித்துப் பேசிய முகமே அடுத்துச் சவப்பெட்டிக்குள் கிடக்கலாம் என்பதால், பார்வையாளர் ஒவ்வொரு முகத்தையும் அச்சத்தோடு காணத் தொடங்குகிறார். புள்ளிவிவரங்கள் தர இயலாத அறிவு இது.

ஆயினும் கும்பலைக் குடும்பமாகக் காட்டும் இப்பார்வைக்கு ஒரு விலை உண்டு. ‘ரென்டா’ எனப்படும் கட்டாய வசூலைச் செலுத்திய பேருந்துக்காரர், கடைக்காரர், எதிர்க்கும்பலின் எல்லையைக் கடக்க அஞ்சிய மாணவர் ஆகியோர் படத்தில் பேசுவோராக இடம்பெறவில்லை. கும்பலின் ஒப்புதலுடன் நுழைந்த ஒளிப்படக்கருவியின் முன் அவர்கள் பேசியிருக்க முடியாது என்பது உண்மையே. அந்த மௌனமே கும்பல் அதிகாரத்தின் தலையாய சான்று. படம் அதைச் சான்றாக உணர்த்தாமல் வெறும் பின்புலமாக விட்டுவிடுகிறது. குறை இங்கேதான் உள்ளது.

2009 செப்டம்பர் 2 அன்று பொவேதா சுட்டுக்கொல்லப்பட்டார். அக்கொலைக்காக 2011இல் தண்டிக்கப்பட்டவர்களுள் 18ஆம் தெருக் கும்பலினரும் காவல்துறையைச் சேர்ந்த ஒருவரும் அடங்குவர். அதன்பின் படம் ஒரு தியாகியின் சாசனமாகவே வாசிக்கப்பட்டது. இவ்வாசிப்பு இயல்பானதே எனினும், படத்தின் பார்வைக்கோணத்தை வினவுவதற்கு அது இடையூறாயிற்று.

அவ்வினா இன்று கூடுதல் பொருத்தம் பெறுகிறது. 2022 மார்ச்சில் ஒரு வாரஇறுதியில் 87 பேர் கொல்லப்பட்டதை அடுத்து எல் சால்வடோர் அரசு அவசரநிலையை அறிவித்தது, பல்லாயிரவர் கைதாயினர். 40,000 பேரை அடைக்கவல்லதாக அறிவிக்கப்பட்டு 2023இல் திறக்கப்பட்ட பெருஞ்சிறையின் அரசுப் படங்களில், மொட்டையடித்த தலைகளும் பச்சை குத்திய உடல்களும் வரிசையாகக் குனிந்திருக்கின்றன. பொவேதாவின் அண்மைக்காட்சிகளில் பச்சை குத்திய முகத்திற்குப் பெயரும் குரலும் இருந்தன. அரசின் படத்தில் அது குற்றத்தின் முத்திரை மட்டுமே. இவ்வேறுபாடு சிறிதன்று. ஆனால் இரண்டு சட்டகங்களிலும் இடம்பெறாதவர் ஒருவரே: வசூல் நின்றதால் நிம்மதியடைந்தும், குற்றமற்ற மகன் கைதானதால் சிறைவாசலில் காத்தும் நிற்கும் குடியிருப்புவாசி. ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில், இவ்விரு அனுபவங்களும் சேர்ந்தே நிகழ்கின்றன. கும்பலுக்கும் காவலருக்கும் ஒருங்கே அஞ்சிய அவரது சொல்லைப் பதிவுசெய்ய, அனுமதி பெற்று நுழையும் ஒளிப்படக்கருவியைவிட வேறொரு முறை தேவைப்படுகிறது.