கூட்டம் வருவதற்கு முன்

‘ஸ்டில் க்ரேஸி’ என்ற பிரிட்டிஷ் படத்தின் கடைசிப் பத்து நிமிஷங்களில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தேகம் அதிலிருந்துதான் ஆரம்பம். இரண்டாவது தடவை பார்த்தபோதும் அதே இடத்தில் கலங்கியது. ஆனால் படத்தில் நான் மதிக்கிற விஷயங்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தன என்பது அப்போது தெரிந்தது. நம்மை அழவைப்பதும் நாம் மதிப்பதும் ஒரே படத்துக்குள் இப்படிப் பிரிந்து கிடப்பது யோசிக்கவேண்டிய விஷயம்.

1998-ல் வந்த படம். கதை பழக்கமானதுதான். ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ என்று ஒரு கற்பனை ராக் குழு 1977-ல் விஸ்பெக் என்ற ஊரில் நடந்த திறந்தவெளி இசைவிழாவோடு சிதறிப்போகிறது. இருபது வருஷம் கழித்து அந்த விழாவை மறுபடி நடத்த நினைக்கிறார்கள். பழைய குழுவுக்கும் அழைப்பு வருகிறது. கீபோர்டு வாசித்த டோனி ஸ்பெயினில் இபிஸா தீவில் ஆணுறை விற்கும் மெஷின்களைப் பராமரித்துக் காலந்தள்ளிக்கொண்டிருக்கிறான். பாஸ் கிட்டார்க்காரன் லெஸ் வீட்டுக் கூரை போடுகிறான். டிரம்ஸ் அடித்த பீனோ வருமானவரிக்காரர்களுக்கு ஒளிந்துகொண்டு ஒரு நர்ஸரியில் செடிகளோடு இருக்கிறான். பாடகன் ரே மட்டும் இன்னும் தன்னை நட்சத்திரமாக நினைத்துக்கொண்டு, கட்டுப்படியாகாத ஒரு மாளிகையில் சுவீடன்காரி மனைவியோடு வாழ்கிறான். குழுவின் மேதை என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிற கிட்டார்க்காரன் பிரையன் செத்துவிட்டான் என்று பேச்சு.

எழுதியவர்கள் டிக் கிளெமென்ட், இயன் லா ஃப்ரெனே இரட்டையர். பிரிட்டிஷ் டெலிவிஷனில் கைத்தொழில் செய்கிறவர்களையும் ஜெயில்வாசிகளையும் வைத்து நகைச்சுவை எழுதிக் கைபழகியவர்கள். இயக்குநர் பிரையன் கிப்ஸன். 1980-லேயே ‘பிரேக்கிங் கிளாஸ்’ என்று ஒரு பாடகியின் ஏற்றத்தையும் சரிவையும் எடுத்தவர். இந்தப் பின்னணி படத்துக்கு நல்லதே செய்திருக்கிறது. தோற்ற கலைஞனுக்கு வயிற்றுப்பாட்டுக்கு ஒரு அற்ப வேலையைக் கொடுத்து, அதைக் காட்டிச் சிரிக்கவைப்பது இந்த மாதிரிப் படங்களின் மலிவான உத்தி. இங்கே லெஸ் கூரை மேல் நிற்பதில் கேலி இல்லை. அது ஒரு வேலை. அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வேனில் ஏறுவதற்கு அவன் தயங்குகிற தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. பகலெல்லாம் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் பணத்தை எண்ணுகிறவனுக்குப் புரியாமல் இருக்குமா.

ஆனால் படத்தின் மையம் ரே. நடித்தவர் பில் நை. ரே இந்தக் குழுவின் முதல் பாடகன் அல்ல. முதல் பாடகன் கீத், பிரையனின் சகோதரன், போதைமருந்தில் செத்தவன். அந்த இடத்துக்குப் பிறகு வந்தவன் ரே. லெஸ் அவனை அன்றும் பாடகனாக ஏற்கவில்லை, இன்றும் ஏற்கத் தயாரில்லை. ஆக மற்றவர்களுக்கு விஸ்பெக் இரண்டாவது வாய்ப்பு என்றால் ரேக்கு அது உண்மையில் முதல் வாய்ப்பு. இழந்ததைத் திரும்பப் பெறுவதற்கு அவனிடம் ஒன்றும் இருந்ததில்லை. இதைப் படம் எங்கும் வசனமாகச் சொல்லிக் கெடுக்கவில்லை. நையின் உடம்பில் இருக்கிறது. அந்த ஒல்லியான நெட்டை உடம்பு மேடையில் அலட்டிக்கொள்கிறபோது கண்கள் மட்டும் அனுமதி கேட்டபடி பக்கவாட்டில் லெஸ்ஸைத் தேடுகின்றன. பெரிய பெரிய வார்த்தைகளில் பேசுகிறான், ஐம்பது வயதை நினைத்து நடுங்குகிறான், மறுபடி குடியில் விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறான். நாம் சிரிப்பது அவன் பயத்தைப் பார்த்து. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது யாருடைய பயம் என்பதும் தெரிந்துவிடுகிறது. இதே நடிகர் 2003-ல் ‘லவ் ஆக்சுவலி’யில் இன்னொரு மவுசு போன பாடகனாக வந்து, தன் கிறிஸ்துமஸ் பாட்டு குப்பை என்று ரேடியோவிலேயே சொல்லிக் கைதட்டல் வாங்கினார். கெட்டிக்காரத்தனமான நடிப்பு, பரிசுகளும் வந்தன. ஆனால் அங்கே பயம் கிடையாது. பயப்படாத கோமாளியால் நமக்கு என்ன ஆகப்போகிறது?

விஸ்பெக்குக்கு முன்னால் பயிற்சிக்காக ஹாலந்துப் பக்கம் சின்னச் சின்ன அரங்குகளில் வாசிக்கிறார்கள். படத்தின் சத்தான பகுதி இதுதான். முதலில் மகா மோசம். ஒவ்வொருவனும் தன்னுடைய 1977-ஐ வாசித்துக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் நிற்பவன் என்ன வாசிக்கிறான் என்பது காதில் விழுவதில்லை. பிரையனின் இடத்துக்கு வந்த இளைஞன் லூக் மட்டும் இன்று வாசிக்கிறான். அவனை முன்னிட்டோ என்னவோ, கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும் ஒருவரையொருவர் கேட்கப் பழகுகிறார்கள். பில் நையும் ஜிம்மி நெயிலும் தங்கள் பாட்டைத் தாங்களே பாடியிருப்பதால் இந்த முன்னேற்றத்தை நம்மாலும் காதால் பின்தொடர முடிகிறது. நன்றாக அமைந்தால் அது முதலில் தெரிவது மேடையில் நிற்கிற ஐந்து பேருக்குத்தான். கீழே இருக்கிற கொஞ்சப் பேருக்குப் பிறகுதான் தெரிகிறது, சிலருக்குத் தெரியாமலும் போகலாம். கலை சம்பந்தப்பட்ட தீர்ப்பு எங்கே நிகழ்கிறது என்ற கேள்விக்கு இவ்வளவு எளிமையான பதிலை ஒரு வேடிக்கைப் படத்தில் நான் எதிர்பார்க்கவில்லை. முந்நூறு பிரதி அச்சிட்டு அதில் பாதியைச் சும்மா கொடுக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு குறையை இங்கே சொல்லிவிட வேண்டும். 1977 என்ற வருஷத்தைப் படம் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு அதைச் சரியாக உபயோகிக்கவில்லை. செக்ஸ் பிஸ்டல்ஸின் இசைத்தட்டு வந்த வருஷம் அது. மூன்று ஸ்வரக்கட்டு தெரிந்தால் போதும் என்று வந்த பையன்கள், நீண்ட தலைமயிரும் நீண்ட கிட்டார் ஆலாபனையுமாக இருந்தவர்களை ஒரே வருஷத்தில் கிழவர்களாக்கினார்கள். ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ விழுந்ததற்குச் சரித்திர ரீதியான காரணம் இது. படமோ மேடையில் ஒரு மின்னலை இறக்கி, எழுபதுகளின் ஆட்டத்தைப் பார்த்துக் கடவுளுக்கே சலித்துவிட்டது என்று ஜோக் அடிக்கிறது. சிரிப்பு வருகிறது, வாஸ்தவம். ஆனால் தங்கள் வடிவமே காலாவதியாகிவிட்டது என்று தெரிந்த கலைஞன் மறுபடி அதே வடிவத்தில் என்ன செய்வான் என்ற கேள்வியை அந்த மின்னல் எரித்துவிட்டது. ஆள் சண்டையும் பழைய துக்கமும் மட்டும் மிஞ்சுகின்றன.

இதனால்தான் முடிவும் அப்படி அமைகிறது. செத்ததாகச் சொன்ன பிரையன் உயிரோடு கிடைக்கிறான். விழா மேடையில் குழு தடுமாறுகிறது, ரே உறைந்துபோகிறான், லெஸ் ஒரு பாட்டை எடுக்கிறான், பிரையன் கிட்டாரோடு பின்னாலிருந்து வருகிறான், மைதானம் ஆர்ப்பரிக்கிறது. ஹாலந்தில் ஐந்து பேர் காதில் இருந்த தீர்ப்பு கைமாறி ஜனக்கூட்டத்திடம் போய்விட்டது. கூட்டம் எழுந்து ஆடினால் வாசிப்பு நன்றாயிருந்தது என்று அர்த்தம். இந்த அர்த்தத்தைச் சொல்ல இவ்வளவு நுட்பமான படம் தேவையே இல்லை.

தேவையில்லை என்பதற்கு உதாரணம் 2008-ல் வந்த ‘தி ராக்கர்’. க்ளீவ்லாண்டில் ஒரு குழு பிரபலமாகப்போகிற தறுவாயில் டிரம்ஸ்காரன் ஃபிஷ்ஷைக் கழற்றிவிடுகிறது. இருபது வருஷம் கழித்து அவன் தன் மருமகனின் பள்ளிக்கூடத்துக் குழுவில் சேர்கிறான். உக்கிராணம் போன்ற ஓர் அறையில் புழுக்கம் தாங்காமல் நிர்வாணமாக டிரம்ஸ் அடிக்கிற அவன் வீடியோ ஊரெல்லாம் பரவுகிறது; அதுவே அதிர்ஷ்டம். கடைசியில் துரோகம் செய்த பழைய குழு வாயசைத்து ஏமாற்றியது மேடையிலேயே அம்பலமாகிறது. பற்றுக்கு வரவு நேராகிவிட்டது, வட்டியும் சேர்ந்துவிட்டது. தினமும் இதைச் சரிபார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது கணக்கு. கலை பற்றிய பேச்சே இதில் இல்லை. ஃபிஷ் நன்றாக டிரம்ஸ் அடிக்கிறானா என்று படத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் அந்தப் படத்தில் சில விநாடிகள் பீட் பெஸ்ட் வந்துபோகிறார். பீட்டில்ஸ் குழுவின் டிரம்ஸ்காரராக இருந்து, 1962 ஆகஸ்டில், முதல் இசைத்தட்டு வருவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது நீக்கப்பட்டவர். ஒரு ஜோக்குக்காக அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவரும் வந்திருக்கிறார். பீட் பெஸ்ட் ரொட்டிக் கடையில் மூட்டை ஏற்றினார். பிறகு லிவர்பூலில் அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சுமார் இருபது வருஷம் உத்தியோகம் பார்த்தார். 1988-ல் மறுபடி மேடையேறினார், பிறகு தன் பெயரிலேயே ஒரு குழுவை வைத்து ஊர் ஊராக வாசித்தார். 1995-ல் பீட்டில்ஸின் பழைய ஒலிப்பதிவுகள் வெளியானபோது அவர் வாசித்தவையும் அதில் இருந்ததால் பணம் கிடைத்தது. வஞ்சம் தீர்க்கிற மேடை அவருக்கு வாய்க்கவில்லை. மேஜைக்கு எதிரே வேலையில்லாதவர்கள் வந்து நின்ற அந்த இருபது வருஷத்தை எடுக்கத் தெரிந்த ஒரு நகைச்சுவைக்காரன் வேண்டும்.

‘ஸ்டில் க்ரேஸி’யை எடுத்தவர்களுக்கு அது முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அந்தக் கடைசிக் காட்சியிலும் ஒரு நிமிஷம் அவர்களை மீறி நிற்கிறது. லெஸ் எடுக்கிற பாட்டு செத்துப்போன கீத்துக்காக அவன் எழுதியது. கீத்தின் இடத்தில் ரே நிற்பதைச் சகிக்காதவன், அந்தக் கீத்தின் பாட்டைத் தானே ஆரம்பித்து, பாதியில் ரேயிடம் விடுகிறான். மைதானம் இன்னும் சத்தம் போட ஆரம்பிக்கவில்லை. பிரையன் இன்னும் வரவில்லை. ரே லெஸ்ஸைப் பார்க்கிறான், பிறகு மைக்கைப் பிடிக்கிறான். நான் கலங்கியது அங்கேதானா, அதற்குப் பிந்தியா என்று அடுத்த தடவை கவனித்துப் பார்க்க வேண்டும்.