பட்டோலையும் ஆய்விதழும்: பூர்வாசாரியர்கள் ஏடுபடுத்திய நெறி

‘நம் ஸம்ப்ரதாயத்தில் சொல்லுக்குத் தனி உடையவர் இல்லை. பூர்வாசாரியர்களின் ஸ்ரீஸூக்திகள் அனைவர்க்கும் பொது. இன்னார் சொன்னது என்று குறித்து எழுத வேண்டும் என்பது மேலைநாட்டார் கொணர்ந்த வழக்கு’ என்றொரு வாதம் ஆய்வுக்கட்டுரை எழுதும் இளைஞரிடையே பரவி வருகிறது. உடுமலைப்பேட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கல்லூரிகளில் பயிலும் ஆய்வாளர் சிலர் தம் கட்டுரைப் பிரதிகளை அடியேனிடம் காட்டும்போது இவ்வாதத்தையும் உடன் கொண்டு வருகின்றனர். இது பணிவு போலத் தோன்றும். ஆயினும் வியாக்கியானங்களையே சான்றாக வைத்து நோக்கினால் இதற்கு அடிப்படை இல்லை என்பது விளங்கும்.

திருவாய்மொழி வியாக்கியானங்களில் விரிந்தது ஈடு முப்பத்தாறாயிரப்படி. முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு படி என்பது கணக்கு. இத்துணைப் பெரிய நூலில், ஒரு பாசுரத்திற்கு இரண்டு மூன்று வகையாகப் பொருள் கூற நேர்ந்த இடங்களில், இது ஆளவந்தார் நிர்வாஹம், இது எம்பெருமானார் நிர்வாஹம், இது பட்டர் அருளிச்செய்யும்படி என்று உடையவர் பெயரைச் சொல்லியே பொருள் வகுக்கப்பட்டிருக்கிறது. எம்பெருமானார் திருமலையாண்டான் ஸந்நிதியில் திருவாய்மொழி கேட்ட காலத்தில் தாம் வேறு பொருள் சொல்ல, ‘இது ஆளவந்தாரிடம் நாம் கேட்டதன்று’ என்று ஆண்டான் காலக்ஷேபத்தையே நிறுத்திய வரலாறு அனைவரும் அறிந்ததே. எங்கே கேட்டது, யாரிடம் கேட்டது என்பது நம் பெரியோர்க்கு முதற்கேள்வியாக இருந்தது. பின்னர் மணவாளமாமுனிகள் ஈட்டிலும் ஸ்ரீவசனபூஷணத்திலும் தத்வத்ரயத்திலும் வரும் மேற்கோள்களுக்கு மூலம் இன்னதென்று தேடிப் பிரமாணத்திரட்டுகள் அருளிச்செய்தார். வியாக்கியான கர்த்தாக்கள் நினைவிலிருந்து எடுத்தாண்ட வாக்கியங்களுக்கும் இருப்பிடம் காட்ட வேண்டும் என்று அவர் திருவுள்ளம் பற்றியிராவிடில் இத்தொண்டுக்கு இடமேது? இவை ‘மேலைநாட்டு வழக்கு’ என்பதற்குப் பல நூற்றாண்டு முற்பட்டவை.

இனி, ஏடுபடுத்தல் பற்றிய இரண்டு ஐதிஹ்யங்களை எடுத்துக்கொள்வோம். உபந்யாஸங்களில் இவை பெரும்பாலும் நினைவாற்றலின் பெருமையாகவும் பகவத் ஸங்கல்பமாகவும் மட்டுமே சொல்லப்படுகின்றன. அவற்றுள் அடங்கிய நெறி பேசப்படுவதில்லை.

முதலாவது, நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியைப் பட்டோலை கொள்ள நம்பூர் வரதராஜரிடம் கொடுத்தது. வரதராஜர் ஸ்ரீகோசத்தோடு காவிரியைக் கடக்கையில் வெள்ளத்தில் அது போயிற்று. கேட்டதை நினைவிற்கொண்டு அவர் மீண்டும் எழுதினார். எழுதுகையில் சில இடங்களில் தமக்குத் தோன்றிய சிறந்த பொருள்களையும் சேர்த்தார். நஞ்சீயர் கண்ணுற்றபோது தம் கருத்துக்கு மேற்பட்ட விசேஷார்த்தங்கள் காணப்படவே, இது என்னவென்று வினவினார். வரதராஜர் நடந்ததை உள்ளபடி விண்ணப்பித்தார். நஞ்சீயர் உகந்து அணைத்து, நம்பிள்ளை என்று திருநாமம் சாற்றினார்.

இதில் நாம் கவனிக்கத்தக்கது, சேர்க்கை நல்லதா என்பது மட்டுமன்று. அது நூலாசிரியர் திருமுன்பே வந்தது. கேட்டவுடன் மறைக்காமல் சொல்லப்பட்டது. அவர் இசைவு பெற்ற பின்னரே உலகில் வழங்கிற்று. அந்த இசைவு இல்லாமல் அதே பிரதி வெளிப்பட்டிருந்தால், பொருள் எத்துணைச் சிறந்ததாயினும், நஞ்சீயர் சொல்லாததை நஞ்சீயர் பெயரில் ஏற்றிய குற்றமாகவே முடிந்திருக்கும். இன்று பதிப்பாசிரியர் சிலர் மூலத்தில் சிதைந்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பிவிட்டு, அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ இல்லாமல் அச்சேற்றுகின்றனர். இதற்கு நம்பிள்ளையை முன்மாதிரி காட்டுதல் தகாது.

இரண்டாவது, ஈட்டின் வரலாறு. நம்பிள்ளை காலக்ஷேபத்தில் பகலில் கேட்டதை வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் எழுதி வைத்து, முடிந்தபின் ஆசாரியன் திருமுன்பு ஸமர்ப்பித்தார். நம்பிள்ளை நோக்கி உகந்தார். ஆயினும் தம் நியமனமின்றி எழுதப்பட்டது என்று அதனைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். பெரியவாச்சான் பிள்ளைக்கோ வியாக்கியானம் எழுதும்படி அவரே நியமித்தார், அதுவே இருபத்துநாலாயிரப்படி. ஈடு பின்னர் ஈயுண்ணி மாதவப்பெருமாளுக்கு அளிக்கப்பட்டு, பரம்பரையாக வந்து, திருவாய்மொழிப்பிள்ளை வழியாக மாமுனிகளை அடைந்தது. மாமுனிகள் திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பு ஓராண்டு அதனை விவரித்தருளிய பின்னரே ஈட்டின் பெருமை எங்கும் பரவியது.

எழுதியதில் பிழை இல்லை. எழுதியவரும் சாமானியர் அல்லர். ஆயினும் சொன்னவர் இசைவில்லாமல் சொல் வெளிப்படலாகாது என்று நம்பிள்ளை நிலைநாட்டினார். இன்றும் இந்நூலைச் சொல்லும்போது அருளிச்செய்தவர் நம்பிள்ளை, ஏடுபடுத்தியவர் வடக்குத் திருவீதிப்பிள்ளை என்று இருவரையும் சேர்த்தே சொல்கிறோம். பெரியோர் உபந்யாஸங்களைக் கைப்பேசியில் பதிவு செய்து, எழுத்தாக்கி, தம் ஆய்வுமுடிபு போல் இதழ்களுக்கு அனுப்புவோர்க்கு இதனினும் தெளிவான விதி வேண்டுவதில்லை. இசைவு கேட்க வேண்டும். சொன்னவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் வேறு வேறாகக் காட்ட வேண்டும்.

மூன்றாவதாக மாமுனிகளின் செயலொன்றும் உண்டு. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை இட்ட வியாக்கியானத்தில் பெரும்பகுதி அழிந்துபட, மாமுனிகள் அழிந்த பகுதிக்கு மட்டும் வியாக்கியானமிட்டு, எஞ்சியதைத் தொடாது நிறுத்தினார். முழுமைக்கும் தாமே எழுதும் வல்லமை அவர்க்கு இருந்தது. முன்னோர் எல்லை எது, தம் எல்லை எது என்று படிப்பவர் அறியவேண்டும் என்ற நெறியே அங்கு மேலோங்கியது.

இந்நெறிகளை இன்றைய ஆய்வுலக விதிகளோடு ஒப்பிடுவோம். பல்கலைக்கழக மானியக்குழு 2018-இல் எழுத்துத் திருட்டைத் தடுக்கும் ஒழுங்குமுறையை வெளியிட்டது. ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டமில்லை. 10 முதல் 40, 40 முதல் 60, 60-க்கு மேல் என மூன்று படிகளில் தண்டம் கூடும். பொதுவழக்கான தொடர்கள் 14 சொற்கள் வரை ஒத்திருந்தால் குற்றமாகாது. உரிய முறையில் மேற்கோளாகக் காட்டப்பட்டவை கணக்கில் சேரா. விதி இவ்வளவே. இதனால் விளைந்த விபரீதமோ பெரிது. ஒப்புமை காட்டும் மென்பொருளுக்கு அஞ்சி, ஈட்டு வாக்கியத்தை மேற்கோளாக இடாமல், அதன் சொற்களை மாற்றி எழுதுகின்றனர் சிலர். ஆசாரியன் ஸ்ரீஸூக்தியும் சிதைகிறது. உடையவர் பெயரும் மறைகிறது. ஒரு குற்றத்துக்கு அஞ்சி இரண்டு குற்றம் செய்தபடி. வேறு சிலர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கித் தமதாக்குகின்றனர். மொழி மாறினமையால் மென்பொருள் பல வேளை அதைக் காண்பதில்லை. கருவி காணாததாலேயே களவு களவன்று ஆகிவிடாது. பத்து விழுக்காடு என்பது தண்டம் தொடங்கும் எல்லை. அதுவரை எடுத்துக்கொள்ளத் தந்த உரிமை அன்று.

எங்கள் வட்டாரத்தில் பனியன் துணி பின்னுவோர் வெவ்வேறு லாட் நூலைக் கலக்க மாட்டார்கள். பின்னும்போது வேற்றுமை தெரியாது. சாயமேறிய பின் துணியில் கோடு விழும். பிறர் நடையும் தன் நடையும் கலந்த கட்டுரையும் அத்தகையதே. கற்றறிந்தவர் கைக்குச் சென்றதும் கோடு தெரிந்துவிடும்.

மற்றொரு வழுவையும் சொல்ல வேண்டும். மணிப்பிரவாளம் கடினம் என்று பு. ரா. புருஷோத்தம நாயுடு அவர்களின் ஈட்டின் தமிழாக்கத்தைப் படிப்பது நல்லதே. சென்னைப் பல்கலைக்கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட அரிய தொண்டு அது. ஆனால் படித்தது தமிழாக்கம், குறித்தது மூல ஈடு என்றால் அது பொய்க்குறிப்பு. எதைப் பார்த்தோமோ அதையே, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று எழுத வேண்டும். சுவடியைப் பார்த்தவர் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமோ, தஞ்சை சரசுவதி மகாலோ, தனியொருவர் திருமாளிகையோ, அவ்விடத்தைச் சொல்லக் கடமைப்பட்டவர். திருமாளிகை ஏடாயின் உரியவர் இசைவும் வேண்டும்.

அனுப்பும் முறையிலும் ஒழுங்கு உண்டு. ஒரு கட்டுரையை ஒரு காலத்தில் ஓரிதழுக்கே அனுப்புதல் முறை. இரண்டு இதழ்களுக்கு ஒருங்கே அனுப்பினால், ஊதியமின்றிப் படித்து மதிப்பிடும் வித்வான் இருவரின் உழைப்பில் ஒன்று வீணாகும். முன்பே கருத்தரங்கில் வாசித்ததாயின் அதையும் சொல்லி விடுதல் வேண்டும். மதிப்பீட்டாளர் மறுத்தால் வருந்துவோர், ஸ்ரீபாஷ்யம் எழுதப்பட்ட வரலாற்றை நினைப்பார்களாக. தமக்கு உடன்பாடில்லாத இடத்தில் கூரத்தாழ்வான் எழுத்தாணியை நிறுத்திவிடுவது என்பது எம்பெருமானாரே விதித்த ஏற்பாடு. ஆழ்வான் அவ்வாறு நிறுத்தியபோது எம்பெருமானார் முதலில் முனிந்தார். பின்னர் ஆராய்ந்து ஆழ்வான் கருத்தையே கொண்டார். பாஷ்யகாரரே ஏற்ற திருத்தத்தை நாம் ஏற்கக் கூசுவானேன்?

மானியக்குழு 2019 முதல் நடத்திவந்த ‘கேர்’ இதழ்ப் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இனி எவ்விதழ் தகுதியுடையது என்று தெரிந்தெடுக்கும் பொறுப்பு எழுதுவோரையும் அவர்தம் கல்லூரியையும் சேர்ந்தது. பணம் பெற்றுக்கொண்டு, எவரும் படித்துப் பாராமல், சின்னாட்களில் வெளியிடும் இதழ்கள் பல உள. பதவி உயர்வுக்கு அவை உதவக்கூடும். ஆயினும் ஆழ்வார் பாசுரத்தையும் ஆசாரியர் வாக்கையும் பற்றி அங்கே அச்சான பிழை, பின்வருவோர் மேற்கோள் காட்டக் காட்ட வேரூன்றிவிடும். திருத்த ஒருவர் முன்வருமுன் ஒரு தலைமுறை அதையே ஸம்ப்ரதாயம் என்று கற்றிருக்கும்.

ஆகவே பிரதியை அனுப்புமுன் ஆய்வாளர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத்தக்கவை நான்கு. இது யாரிடம் கேட்டது? சொன்னவர் இசைந்தாரா? நான் சேர்த்தது எது என்று பிரித்துக் காட்டினேனா? வேறெங்கேனும் இதை முன்பே தந்தேனா? இவற்றுள் முதல் மூன்றும் ஆண்டானும் நம்பிள்ளையும் மாமுனிகளும் காட்டிச் சென்றவை. நான்காவது ஒன்றே அச்சுக்காலம் சேர்த்தது.