ஒண்ணு, ரெண்டு, ஹூக்!

பாக்ஸிங் பார்க்கும்போது யார் யாரை எங்கே குத்தினாங்கன்னே புரியாம முழிக்கிற ஆளா நீங்க? நானும் அப்படித்தான் இருந்தேன். நாலே நாலு வார்த்தை கத்துக்கிட்டேன், அவ்வளவுதான், தூக்கம் போச்சு!

வாத்தியார் எங்க தெரு சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர். பிரெஞ்சு பாக்ஸர் மார்செல் செர்தான் பேரை எடுத்தாலே நிமிர்ந்து உட்காருவார். 1948-ல உலக மிடில்வெயிட் சாம்பியன், எங்க புதுச்சேரி அப்போ பிரான்ஸ் கையில! மொட்டைமாடியில் பாடம், உப்புக்காத்து முகத்துல அடிக்குது. "இடது கால் முன்னால வைடா தம்பி, வலது குதிகாலைத் தூக்கு, முஷ்டி ரெண்டும் கன்னத்தோரம், தாடை உள்ளே!" இதுதான் கார்ட். சும்மா நின்னதுக்கே எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, சிரிக்காதீங்க. முன்கை பல்லி நாக்கு மாதிரி சட்டுன்னு நீண்டு திரும்பினா ஜாப், அது ஒண்ணு. பின்கை நேராப் பாய்ஞ்சா கிராஸ், அது ரெண்டு. முழங்கையை மடக்கிப் பக்கவாட்டுல வீசினா ஹூக், தாத்தாவுக்கு அது 'குரோஷே'. கீழேயிருந்து தாடையைத் தூக்கினா அப்பர்கட்!

இப்போ கண்ணை மூடி நினைச்சுப் பாருங்க: 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், பதினஞ்சாவது ரவுண்டு, அதுதான் கடைசி, ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது, ஜோ ஃபிரேசியர் குனிஞ்சு உள்ளே நுழையுறார், பாதம் திரும்புது, இடுப்பு திரும்புது, தோள் திரும்புது, இடது ஹூக், ஐயோ, முகமது அலி மல்லாக்க விழுறார், அடுத்த நொடியே எழுந்தும் நிக்கிறார், மனுஷனா அவர்! அலியோட முதல் தொழில்முறைத் தோல்வி அது. இந்த வீடியோவை முன்னாடி எத்தனை தடவை பார்த்திருப்பேன், கீழே விழுந்தது மட்டும்தான் தெரியும், இப்போ அந்தக் குத்து காலிலிருந்து கிளம்பி வர்றதே தெரியுது, நான் சோபா மேல ஏறி நின்னு "குரோஷே!"ன்னு கத்துறேன், வீட்ல எல்லாரும் ஓடி வந்து பார்க்கிறாங்க, வெட்கமே இல்லை எனக்கு! அதே அலி 1980-ல சென்னை நேரு ஸ்டேடியத்துக்கே வந்து ஜிம்மி எல்லிஸோட காட்சிச் சண்டை போட்டாராமே, பஸ் ஏறினா போயிடலாம், நான்தான் அப்போ பிறக்கவே இல்லை!

தோள்பட்டை வலிக்குது, ஒத்துக்கிறேன். மூணு நிமிஷ ரவுண்டுல ஒரு நிமிஷம் தாண்டினாலே கை ரெண்டும் கல்லாக் கனக்குது. அதனாலென்ன? காந்தி சிலைக்குப் பக்கத்துல காலையில காத்தைக் குத்திக்கிட்டே நடக்கிறேன், வாக்கிங் வர்றவங்க ஒதுங்கிப் போறாங்க. அடுத்து சௌத்பா: வலது காலை முன்னால வச்சு நிக்கிறது, நம்ம மேரி கோம் நிக்கிற மாதிரி, எல்லாமே தலைகீழ்! அட, கிளிஞ்ச் பத்திச் சொல்லவே இல்லையே, எதிராளி கையை அப்படியே கட்டிப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கிக்கிறது, ரெஃப்ரி வந்து 'பிரேக்'னு பிரிச்சு விடுவார், இருங்க, எழுந்திரிங்க, செஞ்சே காட்டுறேன்!