ரதியாய் ஆடியவன்

ஆங்கில நடிகனொருவனின் கலைவாழ்வை எழுதப்புகும் திறனாய்வாளனுக்குச் சான்றுகளுக்குக் குறைவில்லை. அலெக் கின்னஸ் 1938இல் ஓல்ட் விக் அரங்கில் ஹம்லெற்றாக நடித்ததையும், 1979இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஸ்மைலி என்னும் உளவதிகாரியாகத் தோன்றியதையும் அருகருகே வைத்து அவர்தம் நடிப்பாற்றலை ஆராயலாம். பசறை, மடுல்சீமைத் தோட்டங்களில் மாசிதோறும் காமன் கூத்தில் ரதியாய் ஆடிய கலைஞனைப் பற்றி எழுதப்புகுந்தால் நமக்குக் கிடைப்பது யாது? லயத்து முதியோரின் நினைவன்றிப் பெரும்பாலும் வேறில்லை.

இதற்கு நம் திறனாய்வும் பொறுப்பேற்றல் வேண்டும். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடையேற்றினார். 'இராவணேச'னில் இராவணனாய் ஆடிய மௌனகுரு நாடக வரலாற்றில் இடம்பெற்றார். அது பெரும்பணியே. ஆயின், பேராதனைக்கு மிக அண்மையிலிருந்த தோட்டங்களின் கூத்து அத்தகைய கவனத்தை அன்று பெறவில்லை. அதனைச் சடங்கென்றே பலரும் ஒதுக்கினர்.

சடங்குதான், மறுப்பதற்கில்லை. காமன் பொட்டலிற் கம்பம் ஊன்றியதும் ரதியும் மதனும் காப்புக் கட்டி விரதங் காக்கின்றனர். ஆனால் ஆடவனொருவன் பெண்வேடந் தாங்கி, சிவன் தவத்தைக் கலைக்கப் புறப்படும் கணவனைப் போகாதேயென மறித்து, விடியும்வரை தர்க்கம் பாடுவது நடிப்பன்றி வேறென்ன? அங்கே ஒலிபெருக்கியில்லை, தப்பின் ஓசையை மீறிக் குரல் எழவேண்டும். மதன் எரிந்தபின் ரதி புலம்புகையில், சுற்றியிருக்கும் பெண்கள் வெறும் பார்வையாளரல்லர். இழவு வீடுகளில் ஒப்பாரி வைத்துப் பழகிய அவர்களுக்குப் பொய்யழுகை உடனே தெரிந்துவிடும். இத்துணைக் கடுமையான விமர்சகர் கொழும்பு அரங்குகளில் உளரா என்பது ஐயமே.

இக்கலைஞனின் வாழ்வை இடைமுறித்தது வயதன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென வகுத்தது. பாடஞ் சொல்லித்தந்த மாஸ்டர் தலைமன்னாரிற் கப்பலேற, மாணவன் பாதிப் பாட்டோடு இங்கே எஞ்சினான். இடைவெளியைச் சினிமா மெட்டுக்கள் நிரப்பின. கோமாளிப் பகுதிகள் அளவுமீறி நீண்டமைக்கும் இதுவே காரணமெனக் கருதுகின்றேன்.

1982இல் ரூபவாஹினி வந்தபின் தொலைக்காட்சியும் கூத்தைக் காணும் வாய்ப்பு ஏற்பட்டது. கமராவுக்கு எளிதில் அகப்படுவன தீயும், வீரபத்திரனின் ஆவேசமுமே. தர்க்கத்தின் மெதுவான ஏற்றம் சில நிமிடத் துண்டுக்குள் அடங்காது. நெருப்பைப் படம்பிடித்தவர் ரதியைத் தவறவிட்டிருப்பார்.

பசறை வீதியில் ஒரு தோட்டத்தில் நான் கண்ட ரதி ஐம்பதைக் கடந்தவர். தொண்டை கம்மியிருந்தது, உச்சத்திற் குரல் எட்டாத இடங்களில் பாட்டை நிறுத்தி, கம்பத்தை மட்டும் நோக்கி நின்றார். அந்த மௌனம் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டதன்று. குறையிலிருந்து அவரே கண்டெடுத்தது. மறுநாட் காலை, காதோரம் அரிதாரம் முழுதும் போகாத நிலையில், பிரட்டுக்களத்தில் வேலைக்கு நின்றார்.