கடலடி இளவரசனின் தீராத வழக்கு

'மார்வெல் காமிக்ஸ்' முதல் இதழில் (அக்டோபர் 1939) கடலடி இளவரசன் நேமோர் வாசகர்முன் வந்ததே இரண்டு கொலைகளோடுதான். கனத்த கவச உடையோடு கடலடியில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு மூழ்காளர்களை இயந்திர மனிதர்கள் என்று எண்ணிக் கொன்று, உடல்களைத் தன் மக்களிடம் கொண்டுவருகிறான். அவை மனித உடல்கள் என்று தெரிந்த பிறகும் அங்கே யாரும் வருந்தவில்லை. தாய் ஃபென் அவனை அருகில் அழைத்து ஒரு பழைய கணக்கைச் சொல்கிறாள். அண்டார்க்டிகாவில் பனிப்பாறைகளை வெடிவைத்துத் தகர்த்த அமெரிக்கக் கப்பலொன்று, அடியில் வாழ்ந்த இனத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டது. உளவறிய மேலே போன ஃபென், கப்பல் தலைவன் லெனார்ட் மெக்கென்சியை மணந்தாள். அவர்களுடைய பிள்ளைதான் நேமோர். தந்தையின் இனத்தைப் பழிவாங்கத் தாய் அனுப்பிவைக்கும் மகன்.

இதை எழுதி வரைந்த பில் எவரெட்டுக்கு அப்போது 22 வயது. சூப்பர்மேன் வெளிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. வேற்றுக் கிரகத்திலிருந்து அடைக்கலம் வந்தவன் அமெரிக்காவுக்கு நன்றியோடு காவல் நின்ற காலத்தில், எவரெட்டின் நாயகன் நியூயார்க்கை நொறுக்க வந்தான். முதலில் எட்டுப் பக்கமாக வரையப்பட்ட கதையைப் பன்னிரண்டாக நீட்டியே அந்த இதழில் சேர்த்தார்கள். கூர்ந்த காதுகள், முக்கோண முகம், கணுக்காலில் சிறு சிறகுகள், செதில் பதித்த பச்சை அரையாடை: அன்று வரைந்த உருவம் பெரும்பாலும் இன்றுவரை மாறவில்லை.

எண்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இவன் நிலைத்திருப்பதற்கு அந்த உருவமோ வலிமையோ காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. பறக்கிறவர்களும் மலையைத் தூக்குகிறவர்களும் அந்த உலகில் ஏராளம். நேமோரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவன் செய்வதை நம்மால் ஏற்க முடியாது. சொல்வதை மறுக்கவும் முடியாது. இந்த இழுபறிதான் அவன் உயிர்.

இந்தக் கோபத்துக்கு இலக்கியத்தில் ஒரு மூத்த உறவு உண்டு. ஜூல் வெர்னின் கேப்டன் நீமோ 1869-70இல் நாட்டிலஸ் நீர்மூழ்கியோடு வந்தபோது எந்த நாட்டுக்காரன் என்று சொல்லப்படவில்லை. ரஷ்யப் பேரரசால் நசுக்கப்பட்ட போலந்துப் பிரபுவாகவே வெர்ன் அவனை எண்ணியிருந்தார். பதிப்பாளர் எட்ஸல் அதற்கு இசையவில்லை. பிறகு 'மர்மத் தீவு' நாவலில் அவன் புந்தேல்கண்டின் இளவரசன் டக்கார் என்றும், திப்பு சுல்தானின் உறவினன் என்றும், 1857 எழுச்சியில் குடும்பத்தை இழந்தவன் என்றும் தெரியவருகிறது. முந்தைய நாவலிலேயே இதற்கொரு தடயம் இருந்தது. மன்னார் முத்துச்சலாபத்தில் சுறாவிடம் சிக்கிய ஏழை முத்துக்குளிப்பவனை நீமோ காப்பாற்றுகிறான். ஒரு பை நிறைய முத்துக்களையும் கொடுக்கிறான். கப்பல்களை மூழ்கடிக்கிறவனின் மனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடுகிறது. எவரெட் நீமோவைப் பார்த்துத்தான் வரைந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. நிலத்தின் வல்லரசுகளால் எல்லாவற்றையும் இழந்தவன் கடலில் அரசனாவது என்ற கற்பனை இருவருக்கும் பொது.

நேமோருக்குக் கிடைத்த மன்னார் பெட்டி டீன் என்ற பெண் காவலர். 1940இல், அதே நிறுவனத்தில் கார்ல் பர்கோஸ் படைத்த தீ மனிதனோடு நேமோர் மோதினான். தனித்தனிக் கதைத்தொடர்களின் நாயகர்கள் ஒரே உலகில் மோதிக்கொண்ட முதல் பெரிய நிகழ்வு அது. நீரும் நெருப்பும் வெல்லவும் முடியாமல் தோற்கவும் முடியாமல் நின்றபோது, பெட்டி டீன்தான் இடையில் புகுந்து சமாதானம் செய்தாள். 1941இல் நேமோர் மீண்டும் நியூயார்க்கைத் தாக்கிப் பேரலையில் மூழ்கடித்தான். போர்க்காலத்தில் நாஜிகளின் எதிரியும் ஆனான், எல்லா நாயகர்களையும் போல. 1953 இறுதியில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக உயிர்ப்பித்த முயற்சி 1955இல் நின்றுபோனது. எவரெட்டின் தூரிகை அதில் அழகாகவே இருந்தது. ஆனால் ஒரு வல்லரசின் சண்டையை இரவல் வாங்கிப் போடும் நேமோருக்குச் சொந்த வழக்கு இல்லை. சொந்த வழக்கு இல்லாத நேமோர் வெறும் பலசாலி.

வழக்கைத் திருப்பிக் கொடுத்தவர்கள் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும். 1962இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' நான்காம் இதழில், நியூயார்க்கின் போவரி பகுதியில் ஏழைகள் ஒண்டும் விடுதியொன்றில் நினைவிழந்த தாடிக்காரன் கிடக்கிறான். அந்த நால்வர் அணியின் இளைஞன் ஜானி ஸ்டார்ம் தன் தீயாலேயே தாடியைக் களைந்து, அடையாளம் கண்டு, கடலில் கொண்டுபோய்ப் போடுகிறான். நினைவு திரும்பி ஊருக்குப் போன நேமோர் காண்பது அணுகுண்டுச் சோதனையில் சிதைந்த இடிபாடுகளை. பிகினி, எனிவெடாக் பவளத்தீவுகளில் அமெரிக்கா 1946இலிருந்து குண்டு வெடித்துவந்தது. 1954 மார்ச்சில் நடந்த சோதனையின் கதிரியக்கச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் 23 பேர் மீதும் படிந்தது. சிறுவர்களுக்கான பத்துப் பன்னிரண்டு காசு இதழில் இந்தக் குற்றத்தை நேராகச் சொல்ல முடிந்தது என்றால், சொல்கிறவன் வில்லனாக இருந்ததால்தான்.

அடுத்த ஆண்டு அதே இதழின் ஆண்டுமலரில் வந்த கதையைத்தான் நான் இவற்றில் எல்லாம் மேலானதாகக் கருதுகிறேன். தன் மக்களை மீண்டும் கண்டடைந்த நேமோர், ஐக்கிய நாடுகள் அவையில் நின்று கடல்களின் மீது உரிமை கோருகிறான். நியூயார்க்கைப் பிடிக்கவும் செய்கிறான். அப்போது அவன் விரும்பும் சூ ஸ்டார்ம் உயிருக்குப் போராடுகிறாள். எதிரியின் குடும்பத்துப் பெண்ணைத் தன் கைகளாலேயே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கிறான். நிலத்தவரிடம் இரக்கம் காட்டிய அரசனை அவன் மக்கள் கைவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு இரத்தம் ஓடுகிறவன் எந்தப் பக்கம் இரங்கினாலும் மறுபக்கத்துக்குத் துரோகி. கலப்பில் பிறந்தவர்களும் இரண்டு நாடுகளுக்கிடையே வாழ்கிறவர்களும் இவனிடம் தங்களைக் காண்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பிறகு வந்தவர்களில் ஜான் பைர்ன் 1990இல் அவனை நிறுவன முதலாளியாக்கி, கடல் மாசுக்கு எதிராகப் பணத்தால் போராட வைத்தார். கோபத்துக்கு இரத்தத்தில் உயிர்வாயுச் சமநிலை கெடுவதே காரணம் என்றும் விளக்கினார். எனக்கு அது பிடிக்கவில்லை. நியாயமான சினத்தை நோயாக்கினால் வழக்கு தள்ளுபடியாகிவிடும். ஜொனாதன் ஹிக்மன் 2013இல் தொடங்கிய கதைகளில் அதற்கு நேர்மாறாகச் செய்தார்: தன் உலகைக் காக்க இன்னொரு பூமியை அழித்தே ஆகவேண்டும் என்ற நிலையில் மற்ற மேதைகள் தயங்க, நேமோர் அழித்துவிடுகிறான். மன்னிக்க முடியாத செயல். ஆனால் அவன் யாரிடமும் மன்னிப்பைக் கேட்கவில்லை.

2022இல் ரையன் கூக்ளரின் 'வக்காண்டா ஃபாரெவர்' திரைப்படம் அவனை மாயா மண்ணுக்குக் கொண்டுபோனது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களும் அவர்களோடு வந்த அம்மையும் துரத்த, கடலுக்குள் குடிபுகுந்த மக்களின் அரசன் அவன்; நகரம் தலோகான். தாயைச் சொந்த மண்ணில் புதைக்க வந்த சிறுவன், தன் மக்கள் அடிமைகளாக அடிபடுவதைப் பார்த்து அந்தத் தோட்டத்துக்குத் தீ வைக்கிறான். மெக்ஸிகோ நடிகர் தெனோச் உவேர்த்தா அந்த நிமிர்வையும் வலியையும் குரல் உயர்த்தாமலே கொண்டுவந்தார். 1939இல் கதைக்காகக் கற்பித்த இனஅழிப்பின் இடத்தில் வரலாற்றில் நடந்தே விட்ட ஒன்று வந்து உட்கார்ந்தபோது, கதாபாத்திரத்தில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அந்தப் படத்தின் சண்டை, கடலடியில் கனிமம் தேடும் ஒரு கருவியால் மூள்கிறது. இன்று பசிபிக்கின் கிளாரியன் - கிளிப்பர்டன் பகுதியில் நான்காயிரம் மீட்டருக்கும் கீழே மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் உருண்டைகளைத் தேடப் பல நாடுகள் உரிமம் பெற்றிருக்கின்றன. மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டரை ஆராய இந்தியாவுக்கும் உரிமம் உண்டு. உரிமம் வழங்கும் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையம் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கிறது. அடுத்து நேமோரை எழுதப்போகிறவர் அவனை அந்த அவைக்கு அனுப்பட்டும், முன்பு ஐ.நா.வில் பேசியதைவிட அங்கே அவன் பேச வேண்டியது அதிகம்.